முதல் ஹாம் செட்: பெட்டியைப் பிரித்ததிலிருந்து முதல் தொடர்பு வரை

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காகப் புதிதாக எச்.எஃப் (சிற்றலை) செட் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் மாட்டிக்கொள்கிறார்கள். செட் எரிகிறது, திரையில் அலைகள் ஓடுகின்றன, ஆனால் யாரும் நம்மைக் கேட்பதாகத் தெரியவில்லை. உடனே மெனுவுக்குள் புகுந்து ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பிக்கிறோம். ஒரு மணி நேரத்தில், முதலில் என்ன இருந்தது என்பதே மறந்துபோகிறது. நானும் அந்தச் சுழலில் நிறைய நாள் போக்கியவன்தான்.

செட்டோடு வரும் கையேடு ஒவ்வொரு பட்டனும் என்ன செய்யும் என்று நன்றாகவே சொல்கிறது. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் தொடுவது என்று சொல்வதில்லை. அந்த வரிசைதான் இந்தக் கட்டுரை. 13.8 வோல்ட்டில் ஓடும், 100 வாட் தரும் சாதாரண எச்.எஃப் செட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கையடக்க வி.எச்.எஃப் (எச்.எஃப்பைவிட உயர்ந்த அலைவரிசை) செட் வைத்திருப்பவர்களுக்கு உரிமத்துக்கு அப்புறம் 9ஆம் பகுதியே போதும்.

1. காகிதம் முதலில்

உரிமமும் அழைப்புக்குறியும் (உங்கள் நிலையத்துக்கான தனி அடையாளம்) கையில் வராமல் மைக் பட்டனை அழுத்தக் கூடாது. இது தெரிந்ததுதான். பலர் கவனிக்காதது வேறு: சில நாடுகளில் ஒலிபரப்பும் கருவியை வாங்கவோ, வைத்திருக்கவோ, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவோகூட உரிமம் வேண்டும். செட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள். தேர்வு, முடிவு, உரிமம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் ஆன்டெனா வேலையை முடித்துக்கொள்ளலாம்.

ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்: உரிமத்தின் நகல், செட்டின் ரசீது, வரிசை எண், உங்கள் உரிம வகுப்புக்கு அனுமதித்த பேண்டுகளும் (அலைவரிசைப் பகுதிகள்) வாட் வரம்பும் உள்ள பக்கம். வாடகை வீடோ அடுக்குமாடியோ என்றால் ஆன்டெனாவுக்கான அனுமதியை எழுத்தில் வாங்கி அதையும் சேர்த்து வையுங்கள். வாய்ச்சொல் அனுமதி முதல் புகார் வரும்வரைதான் தாங்கும்.

பேண்ட் எல்லைகள் உலகம் முழுக்க ஒன்றல்ல. 40 மீட்டர் பேண்ட் அமெரிக்கக் கண்டங்களில் 7.000 முதல் 7.300 மெகாஹெர்ட்ஸ் வரை. மற்ற இடங்களில் பொதுவாக 7.200 உடன் முடிகிறது. இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு பட்டியலை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

2. பணத்தைப் பிரிப்பது

கையில் உள்ள மொத்தத்தையும் செட்டில் போட்டுவிட்டு, மிச்சத்தில் ஆன்டெனா கட்டலாம் என்று நினைப்பதுதான் மிகப் பரவலான தவறு. பவர் சப்ளை, கேபிள், கனெக்டர், பாலன் (கேபிள் உறையே ஆன்டெனாவாகாமல் தடுப்பது), டம்மி லோடு (சோதனைக்கு ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் சுமை), எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் (ஆன்டெனா செட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டுவது) என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். என் கணக்கில், மலிவான செட்டும் நல்ல ஆன்டெனாவும் சேர்ந்தால், விலை உயர்ந்த செட்டும் மோசமான ஆன்டெனாவும் சேர்ந்ததை எந்த நாளும் தோற்கடிக்கும்.

பழைய செட் வாங்குவதில் தப்பில்லை. வாங்கும் முன் டம்மி லோடில் மாட்டி, ஒவ்வொரு பேண்டிலும் எத்தனை வாட் வருகிறது என்று பாருங்கள். மைக்கும் மின் கேபிளும் கூடவே வருகின்றனவா என்று கேளுங்கள். தனியாகத் தேடினால் இரண்டுமே செலவு வைக்கும். சக்தி தரும் கடைசிக் கட்டத்தில் வால்வு (வெற்றிடக் குழாய்) உள்ள செட் என்றால் முதல் செட்டாக வேண்டாம். அதில் ஒவ்வொரு பேண்டுக்கும் பிளேட், லோடு என்ற இரண்டு குமிழ்களையும் கையால் சரிசெய்ய வேண்டும். அணைத்த பிறகும் உள்ளே பல நூறு வோல்ட் தங்கியிருக்கும்.

3. மின்சாரம்

100 வாட் செட் கேட்கும்போது ஏறக்குறைய 1 ஆம்பியர்தான் எடுக்கும். முழு சக்தியில் பேசும்போது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதனால் பவர் சப்ளை தொடர்ந்து 25 ஆம்பியராவது தரக்கூடியதாக இருக்கட்டும். மேலே பெரிதாக எழுதியிருக்கும் எண் பல நேரம் உச்ச அளவு. தொடர் அளவு சின்ன எழுத்தில் இருக்கும், அதைத் தேடுங்கள்.

சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். செட்டை மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரில் ஒருமுறை 13.8 வோல்ட் வருகிறதா, முனைகள் சரியா என்று பாருங்கள். செட்டோடு வந்த மின் கேபிளில் இரண்டு கம்பியிலும் ஃபியூஸ் இருக்கும். கேபிளை நீட்டவேண்டி வந்தால் அதைவிட மெலிந்த கம்பியைச் சேர்க்காதீர்கள். ஃபியூஸைக் கழற்றிவிட்டு நேராக இணைப்பது இன்னும் மோசம்.

பேசும்போது மட்டும் செட் அணைந்து மறுபடி எரிகிறதா? செட் பழுது என்று முடிவு கட்டும் முன் பேசும்போதே செட்டின் பின்பக்கம் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் கம்பி மெலிது, அல்லது எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது.

4. டம்மி லோடில் ஒரு மாலை

ஆன்டெனா எழும்பும் முன் செட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க 50 ஓம் டம்மி லோடு போதும். எதுவும் மாட்டாமல் ஒருபோதும் ஒலிபரப்பாதீர்கள். சின்ன டம்மி லோடுகள் 100 வாட்டைச் சில நொடிகள்தான் தாங்கும், எனவே சக்தியை 10 வாட்டுக்கு இறக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

இங்கே புதியவர்கள் பயந்துபோகும் இடம் ஒன்று உண்டு. சைட்பேண்டில் (எச்.எஃப்பில் குரலுக்கு வழக்கமான முறை) பட்டனை அழுத்தினால் வாட் மீட்டர் அசையாது. அது பழுதல்ல. சைட்பேண்டில் நீங்கள் பேசினால்தான் சக்தி வெளியே போகும். பேசும்போதும் மீட்டர் 100ஐத் தொடாமல் துள்ளிக்கொண்டிருக்கும். நிலையான அளவு வேண்டுமென்றால் மோர்ஸ் அல்லது எஃப்.எம் முறைக்கு மாற்றி அழுத்துங்கள். ஏ.எம்மில் 100 வாட் செட் 25 வாட் அளவுதான் காட்டும். அதுவும் சரியே.

5. ஆன்டெனா

முதல் ஆன்டெனாவுக்கு என் பரிந்துரை அரை அலை டைபோல், அதாவது அரை அலைநீளக் கம்பியை நடுவில் பிரித்து அங்கே கேபிளை இணைப்பது. செலவு குறைவு, கணக்கு எளிது. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.1 மீட்டர், நடுவில் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் 10 மீட்டர் சொச்சம். வெட்டும்போது ஒவ்வொரு பக்கமும் 30 சென்டிமீட்டராவது கூட விடுங்கள். இதே 40 மீட்டர் டைபோல், மூன்றாம் ஹார்மோனிக்கில் (மூன்று மடங்கு அலைவரிசையில்), அதாவது 21 மெகாஹெர்ட்ஸிலும் ஓரளவு வேலை செய்யும். இரண்டு பேண்ட் ஒரே கம்பியில் கிடைப்பது சின்ன லாபமல்ல.

இடம் குறைவென்றால் நடுவை ஒரு கம்பத்தில் உயர்த்தி, இரண்டு முனைகளையும் கீழிறக்கிக் கட்டலாம். நடுவில் உண்டாகும் கோணம் 90 பாகைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேசும்போது முனைகளில் மின்னழுத்தம் அதிகம், அதனால் அவை ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மின்கம்பிக்கு அருகே கட்டவே வேண்டாம். ஆன்டெனா அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் என்பதுதான் அளவுகோல்.

நடுவில் 1:1 பாலன் வையுங்கள். இல்லாவிட்டால் கேபிளின் வெளி உறையும் ஆன்டெனாவாகி, மைக்கைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கும், கம்ப்யூட்டர் தொங்கும், அளவுகள் கைவைத்தால் மாறும்.

கேபிள் 50 ஓம் கோஆக்ஸ் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக உறை உள்ளது). எச்.எஃப்பில் 15 மீட்டர் ஓட்டத்துக்கு மெல்லிய ஆர்.ஜி-58 கூடப் பரவாயில்லை. அதே கேபிளை 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஓட்டினால் சக்தியில் பெரும்பகுதி கேபிளிலேயே சூடாகிப் போய்விடும். அங்கே ஆர்.ஜி-213 போன்ற தடித்தது வேண்டும்.

கனெக்டர் பற்றவைப்பதில் அவசரம் வேண்டாம். பற்றவைத்ததும் மல்டிமீட்டரில் நடுக்கம்பிக்கும் உறைக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதைப் பாருங்கள். வெளியே இருக்கும் இணைப்புகளில் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப் போடுங்கள். கோஆக்ஸுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் கேபிளையே மாற்ற வேண்டியதுதான். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிள் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

இடி வரும் அறிகுறி தெரிந்தால் கேபிளை செட்டிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். மின்னல் தடுப்பான் இருந்தாலும் கழற்றுங்கள். வானம் இருட்டிய பிறகு கழற்றப் போகாதீர்கள், முன்கூட்டியே.

6. எஸ்.டபிள்யூ.ஆர்: நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம்

இந்த வேலைக்கு ஒரு பகல் முழுவதையும் ஒதுக்குங்கள். இருட்டில் ஏணியில் நின்று செய்யும் வேலையல்ல இது. நானோ வி.என்.ஏ என்ற, ஆன்டெனாவை அளக்கும் சின்னக் கருவி இருந்தால் பாதி வேலை முடிந்தது. மேலே போகும் முன் அதைத் தரப்படுத்திக்கொள்ள மறக்காதீர்கள். கருவி இல்லையென்றால் 10 வாட்டில், பேண்டின் அடி, நடு, மேல் என்று மூன்று இடத்தில் எஸ்.டபிள்யூ.ஆர் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

படிக்கும் முறை இதுதான். எஸ்.டபிள்யூ.ஆர் மிகக் குறைவாக இருக்கும் இடம் நீங்கள் விரும்பிய அலைவரிசைக்குக் கீழே இருந்தால் ஆன்டெனா நீளம். மேலே இருந்தால் குட்டை. எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு: இப்போதைய நீளத்தை இப்போதைய அலைவரிசையால் பெருக்கி, வேண்டிய அலைவரிசையால் வகுங்கள். 20.60 மீட்டர் கம்பி 6.95 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசைந்தால், 7.10க்கு வேண்டிய நீளம் சுமார் 20.17 மீட்டர். அதாவது ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் குறைய வேண்டும்.

உடனே வெட்டிவிடாதீர்கள். முனையை மடித்து அதே கம்பியில் இறுக்கிச் சுற்றி, மேலே ஏற்றி மறுபடி அளங்கள். சரியாக வந்த பிறகும் மடிப்பை அப்படியே விட்டுவிடலாம். பின்னால் ஆன்டெனாவை வேறு இடத்துக்கு மாற்றும்போது அந்த நீளம் கைகொடுக்கும். ஆன்டெனாவைத் தாழ இறக்கி அளந்தால் தவறான எண் வரும். உயரம், அருகிலுள்ள மரம், தகரக்கூரை எல்லாமே அளவை மாற்றும். எங்கே நிற்கப் போகிறதோ அங்கே வைத்துத்தான் அளக்க வேண்டும்.

எவ்வளவு போதும்? 1.5 என்றால் 4 சதவீத சக்தி திரும்புகிறது. 2 என்றால் 11 சதவீதம். 3 என்றால் 25 சதவீதம். பெரும்பாலான செட்கள் அதற்குள்ளாகவே தங்களைக் காப்பாற்றிக்கொள்ள சக்தியைக் குறைக்க ஆரம்பித்துவிடும். பேண்ட் முழுக்க 2க்குள் இருந்தால் இறங்கி வந்துவிடுங்கள். 1.3ஐ 1.1 ஆக்க ஏறி இறங்குவதில் எதிர்முனைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

ஒரு பொறி. எஸ்.டபிள்யூ.ஆர் எல்லா அலைவரிசையிலும் அழகாகக் குறைவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். தண்ணீர் புகுந்த கேபிளும், நீளமான மட்டமான கேபிளும் திரும்பி வரும் சக்தியை வழியிலேயே விழுங்கிவிடும். மீட்டர் நல்ல எண் காட்டும், ஆன்டெனாவுக்கு எதுவும் போய்ச் சேராது. டம்மி லோடின் எஸ்.டபிள்யூ.ஆர் 1:1தான் என்பதை நினைவில் வையுங்கள். நல்ல டைபோல் ஒரு இடத்தில் இறங்கி, இரு பக்கமும் ஏற வேண்டும்.

7. ட்யூனர் செய்வதும் செய்யாததும்

செட்டுக்குள் இருக்கும் தானியங்கி ட்யூனர் வழக்கமாக 3:1 வரை சமாளிக்கும். அது ஆன்டெனாவை மாற்றுவதில்லை. செட்டுக்கு 50 ஓம் போலக் காட்டுகிறது, அவ்வளவுதான். கேபிளில் நடக்கும் இழப்பு அப்படியே இருக்கும். அதனால் 6ஆம் பகுதியைத் தவிர்த்துவிட்டு ட்யூனரை நம்பி உட்காராதீர்கள்.

ட்யூன் பட்டனை அழுத்தும் முன் அந்த அலைவரிசையைக் கொஞ்ச நேரம் கேளுங்கள். யாராவது பேசுகிறார்களா என்று கேட்டு, அழைப்புக்குறியைச் சொல்லி, அப்புறம் அழுத்துங்கள். மற்றவர்கள் பேச்சின் நடுவே ஊளையிடும் கேரியர் (குரலில்லாத வெறும் அலை) உங்களுடையதாக இருக்க வேண்டாம்.

8. கேட்கப் பழகுதல்

இப்போதுதான் முன்பக்கக் குமிழ்கள். பழைய செட் என்றால் முதலில் முழு ரீசெட் கொடுங்கள். முன்பிருந்தவர் என்னென்ன மாற்றி வைத்தார் என்று துப்பறிவதைவிட அது சுலபம். மெமரியில் இருந்ததெல்லாம் போய்விடும் என்பது தெரிந்திருக்கட்டும்.

10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேச்சுக்கு லோயர் சைட்பேண்ட், மேலே அப்பர் சைட்பேண்ட். 5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் விதிவிலக்கு, அங்கே அப்பர். ஃபில்டர் 2.4 கிலோஹெர்ட்ஸ், ஏ.ஜி.சி (கேட்கும் ஒலியைத் தானே சமன்செய்வது) மெதுவாக. பிரீஆம்ப்பை (வரும் சமிக்ஞையைப் பெருக்குவது) அணைத்து வையுங்கள். ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பாருங்கள்: இரைச்சல் சட்டென்று விழுந்தால் செட்டின் உணர்திறன் ஏற்கெனவே போதும் என்று அர்த்தம். பிரீஆம்ப் அந்த இரைச்சலைத்தான் பெரிதாக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் இது பெரும்பாலும் தேவைப்படாது.

பழுது போலத் தெரிந்து பழுதில்லாதவை சில உண்டு. எதுவும் கேட்கவில்லை, ஆனால் எஸ்-மீட்டர் (சமிக்ஞையின் பலம் காட்டுவது) மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஆர்.எஃப் கெய்ன் (கேட்கும் உணர்திறன்) குறைந்திருக்கிறது. பல செட்களில் அதுவும் ஸ்கெல்ச்சும் (சமிக்ஞை இல்லாதபோது இரைச்சலை அடைப்பது) ஒரே குமிழ். எல்லோரும் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறார்கள், அவர்களோ நீங்கள் அலைவரிசை விலகியிருப்பதாகச் சொல்கிறார்கள்: ஆர்.ஐ.டி (கேட்கும் அலைவரிசையை மட்டும் நகர்த்துவது) திறந்திருக்கிறது. யாருமே பதில் சொல்வதில்லை: ஸ்ப்ளிட் (ஓர் அலைவரிசையில் கேட்டு இன்னொன்றில் பேசுவது) இயங்குகிறதா பாருங்கள், நீங்கள் வேறெங்கோ பேசிக்கொண்டிருக்கலாம். டயல் அசையவில்லை: லாக்.

டயல் சரியான அலைவரிசையைத்தான் காட்டுகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் செட்டைச் சூடாக விட்டு, 10 மெகாஹெர்ட்ஸில் வரும் நேரக்குறிப்பு நிலையம் ஒன்றைப் பிடியுங்கள். அப்பர் சைட்பேண்டில் 9.999, லோயரில் 10.001. இரண்டிலும் ஒரே சுதியில் விசில் கேட்டால் டயல் சரி.

9. வி.எச்.எஃப், ரிப்பீட்டர்

ரிப்பீட்டர் (ஓர் அலைவரிசையில் வாங்கியதை இன்னொன்றில் மறுஒலிபரப்பும் நிலையம்) உங்களுக்குக் கேட்கிறது, நீங்கள் அழுத்தினால் அது எழவில்லை என்றால் பத்தில் எட்டு முறை டோன் போடப்படவில்லை. மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும்: வெளிவரும் அலைவரிசை, உள்ளே போகும் அலைவரிசைக்கான இடைவெளி, சி.டி.சி.எஸ்.எஸ் டோன் (குரலோடு போய் ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்ந்த ஒலி). 2 மீட்டர் பேண்டில் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) இடைவெளி பெரும்பாலும் 600 கிலோஹெர்ட்ஸ். கூட்டலா கழித்தலா என்பதை அந்த ரிப்பீட்டரை நடத்துபவர்கள் வெளியிட்ட தகவலில் பாருங்கள்.

10. மைக்கும் முதல் தொடர்பும்

கம்ப்ரெஸ்ஸரை (குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது) அணையுங்கள். மைக்கை வாயிலிருந்து மூன்று விரல் அகலத்தில் பிடித்து, சாதாரணக் குரலில் பேசுங்கள். ஏ.எல்.சி (ஒலிபரப்பு எல்லை மீறாமல் தானே கட்டுப்படுத்துவது) மீட்டர் தன் குறியிட்ட பகுதிக்குள் நிற்கும்படி மைக் கெய்னை வையுங்கள். அதைத் தாண்டினால் சக்தி அதிகமாகாது. குரல் கரகரக்கும், பக்கத்து அலைவரிசைக்காரருக்குத் தொல்லை. இதெல்லாம் முதலில் டம்மி லோடில்.

பிறகு ஆன்டெனாவில் பேசும்போது, இணையத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய வெப் எஸ்.டி.ஆர் ரிசீவர் ஒன்றில் உங்கள் குரலையே கேட்டுப் பார்க்கலாம். செட்டைவிட ஒலி தாமதமாக வரும், எனவே பதிவு செய்துகொண்டு பின்னர் கேளுங்கள்.

பேண்ட் ஓரத்தில் கவனம். அப்பர் சைட்பேண்டில் குரல் டயலுக்கு மேலே ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ் பரவும். 20 மீட்டர் பேண்ட் 14.350இல் முடிகிறது என்றால் டயல் 14.347ஐத் தாண்டக் கூடாது. லோயரில் கணக்கு தலைகீழ்.

முதல் நாளே பொது அழைப்பு விடுத்து உட்காராதீர்கள். ஏற்கெனவே அழைத்துக்கொண்டிருக்கும் பலமான நிலையத்துக்குப் பதில் சொல்வது எளிது. அழைப்புக்குறியை உச்சரிப்பு எழுத்துகளில் (A-க்கு ஆல்ஃபா, B-க்கு பிராவோ என்று) சொல்லிப் பழகுங்கள். பகலில் 40 மீட்டர் சில நூறு கிலோமீட்டருக்கு, இருட்டிய பின் வெகுதூரத்துக்கு. பகலில் நெடுந்தூரம் வேண்டுமென்றால் 20 மீட்டர். தொடர்பு முடிந்ததும் நேரத்தை யு.டி.சியில் (உலகப் பொது நேரம்) பதிவேட்டில் எழுதுங்கள். உள்ளூர் நேரத்தில் எழுதினால் பின்னால் எதிர்முனைக்காரரின் பதிவோடு பொருந்தாது.

11. கம்ப்யூட்டரை இணைப்பதானால்

இது குரலில் ஓரளவு பழகிய பிறகு. டிரைவர் மென்பொருளை முதலில் நிறுவுங்கள், கேபிளைப் பிறகு செருகுங்கள். எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியே சிறு செய்திகளைப் பரிமாறும் முறை) எல்லா பேண்டிலும் அப்பர் சைட்பேண்டில்தான், 40 மீட்டரிலும்கூட: 7.074, 14.074, 21.074. கம்ப்யூட்டர் கடிகாரம் ஒரு நொடிக்குள் சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் திரை நிறையச் சமிக்ஞை ஓடும், ஓர் எழுத்துகூட வராது. ஏ.எல்.சி அசையாத அளவுக்கு ஒலியைக் குறையுங்கள். 15 நொடிக்கு 12 நொடிக்கு மேல் தொடர்ந்து ஒலிபரப்பாவதால் செட் சீக்கிரம் சூடாகும், 25 வாட்டில் வையுங்கள்.

12. இரைச்சலும் புகாரும்

எஸ்-மீட்டர் யாரும் பேசாதபோதே 7, 8இல் நிற்கிறதென்றால், செட்டை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயினை அணையுங்கள். இரைச்சல் விழுந்தால் குற்றவாளி வீட்டுக்குள். வீட்டின் ஒவ்வொரு மின்சுற்றாகப் போட்டுப் பாருங்கள், எல்.இ.டி விளக்கு, போன் சார்ஜர், மலிவான பவர் சப்ளை ஆகியவையே வழக்கமாக மாட்டும்.

எதிர்த்திசைப் புகாரும் வரும்: நீங்கள் பேசினால் பக்கத்து வீட்டு ஸ்பீக்கரும் பேசுகிறது. வாக்குவாதம் வேண்டாம். எந்த பேண்டில், எத்தனை வாட்டில் நடக்கிறது என்று இருவருமாகச் சேர்ந்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பாலன் இருக்கிறதா என்று மறுபடி சரிபார்த்து, அவர்கள் ஸ்பீக்கர் கம்பியை ஃபெரைட் வளையத்தில் பல சுற்று சுற்றிக் கொடுங்கள். எச்.எஃப்புக்கு 31ஆம் எண் கலவை ஃபெரைட் நன்றாக வேலை செய்யும். அது தீரும்வரை அந்த பேண்டில் வாட்டைக் குறைத்துப் பேசுங்கள்.